மூச்சுக்கும் சத்தம் உண்டு

பூனாகலை
12.12.1983

என் கூடப் பிறந்த தம்பி கணபதிக்கு அக்கா இராக்கம்மா எழுதுவது. இங்கே நான், மகன் முருகையா, என் மருமகளாக வந்த உன் மகள் தவமணி, பேரன் லோகு நாலு பேரும் மாரியம்மன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். 'சுகம்' என்று எழுத இந்த வருசம் கை வரவில்லை. அங்கே உன் இருமல் நின்றதா? அங்கம்மா எப்படி இருக்கிறாள்?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை என்று அங்கம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாளாம். காதுக்கு வந்தது. ஏண்டா, முறை எனக்குத் தெரியாதா? அம்மா செத்தபின் உனக்குச் சோறு ஊட்டி, முறை பார்த்து, கல்யாணமும் செய்து வைத்தவள் நான். நிறைமாதக்காரியைப் பண்டாரவளை, பதுளை என்று இரண்டு பஸ் மாற்றி நமுனுகுலவுக்கு அனுப்பி, வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அங்கம்மா வந்து பதில் சொல்வாளா? முறை பெரிதா, உயிர் பெரிதா?

யூலைக் கலவரத்தன்று நடந்ததை உனக்கு நான் முழுதாக எழுதவில்லை. லாரிச் சத்தம் கேட்டதும் வரிசை வீட்டு ஆட்கள் எல்லோருமாக லயமே எழுந்து தேயிலைக்குள் ஓடியது. மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து என் வலது கால் மடங்கியது அப்போதுதான். மேட்டு ரோட்டில் கலவரக்காரக் காடையன்கள் இறங்கி நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் கருப்பம்மா, அவள் இடுப்பில் அவளுடைய சின்னப் பெண். அது வீறிட வாயைத் திறந்தது. நான் கையை நீட்டி அதன் வாயைப் பொத்தினேன். அது கடித்தது, உதைத்தது. நான் எடுக்கவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள். கீழ் லயம் எரிந்தது, எங்கள் லயம் தப்பியது.

அன்றிலிருந்து "ஒங்க கைதான் மதினி எங்கள காப்பாத்துச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் இந்த லயத்துக்கு இப்போது நான்தான் காவல். பொழுது சாய்ந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு சுற்று வருவேன். எந்தக் காம்பராவில் விளக்கு எரிகிறதோ ஊதி அணைப்பேன். எந்தப் பிள்ளை அழுகிறதோ அதட்டி அடக்குவேன். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

என் கவலையெல்லாம் உன் பேரன்தான். கூத்துப் பாடுகிற உன் தொண்டையை அப்படியே உரித்துக்கொண்டு பிறந்திருக்கிறான். அவன் அழுதால் பண்டாரவளைக்கே கேட்கும் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். இருட்டிய பிறகு வெளியே போகாதே.

இராக்கம்மா


நமுனுகுல
2.1.1984

மதிப்புக்குரிய அக்காவுக்குத் தம்பி கணபதி வணங்கி எழுதிக்கொண்டது. நானும் அங்கம்மாவும் ஒருவாறு இருக்கிறோம். இருமல் தேவலை. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

அங்கம்மா உங்களைக் குறை சொல்லவில்லை, அக்கா. முதல் பேரனைக் கையில் வாங்கவில்லையே என்ற ஏக்கம், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்தை இடித்து வைத்துக்கொண்டு தினமும் அதைத் திறந்து பார்த்து மூடுகிறாள்.

பொங்கலுக்குத் தாயையும் பிள்ளையையும் அனுப்ப முடியுமா? நானே வந்து கூட்டிவருகிறேன். இந்தப் பக்கம் இப்போது சத்தம் ஒன்றும் இல்லை. முடியாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் நல்லது கெட்டது தெரிந்தவர்கள். தவமணியை மட்டும் அவள் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவள் எழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

தங்கள் தம்பி
கணபதி


பூனாகலை
20.1.1984

தம்பிக்கு அக்கா எழுதுவது. நீங்கள் இருவரும் பொங்கல் வைத்தீர்களா? இங்கே நான் வாசலில் வைக்க விடவில்லை. புகையைப் பார்த்து ஆள் இருக்கிறதென்று ஊருக்குச் சொல்ல வேண்டுமா? குசினிக்குள்ளேயே பொங்கி இறக்கினோம்.

பிள்ளையை அனுப்ப மாட்டேன். நீயும் வராதே. பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கிப் பார்க்கிறார்களாம். பொய் என்கிறான் முருகையா. பத்துச் சேதி வந்தால் ஒன்பது பொய்யாக இருக்கட்டும். பத்தாவது வந்து கதவைத் தட்டினால் முருகையாவா திறப்பான்?

பிள்ளை விஷயத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அழத் தொடங்கியதும் ஒரு துண்டை மடித்து வாயில் வைத்தால் சத்தம் வெளியே போகாது. மெல்லத்தான் வைக்கிறேன், பயப்படாதே. முதலில் தவமணி என் கையைப் பிடித்தாள். "உசுரு வேணுமா, அழுகை வேணுமா?" என்று ஒரு சத்தம் போட்டேன். இப்போது நான் எழுந்திருக்கும் முன்னே அவளே துண்டை எடுத்துவிடுகிறாள். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற புள்ளைமடுவத்தில் விட்டால் அங்கே யார் அடக்குவார்கள் என்று அவளை வேலைக்கும் போக வேண்டாம் என்றுவிட்டேன்.

உன் மகள் நன்றாகத் தேறிவிட்டாள் தம்பி. வந்த புதிதில் வாய் ஓயாது, குசினியில் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள். இப்போது காம்பராவில் ஆள் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயம் நல்ல வாத்தியார்.

நீ கேட்டபடி கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இராக்கம்மா

அப்பா அம்மாவுக்கு, நான் நலம். பிள்ளை நலம். அத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். தவமணி.


நமுனுகுல
18.2.1984

அன்புள்ள அக்காவுக்குக் கணபதி எழுதுவது. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை என்று சொல்லலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

தவமணியின் வரிகளை அங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பவும் படிக்கச் சொன்னாள். பிறகு, "அவ ஒண்ணுமே கேக்கலியேங்க" என்றாள். உண்மைதான். ஆடு குட்டி போட்டதா, அம்மாவுக்கு முதுகுவலி எப்படி என்று கேட்டுக் குடையாமல் எங்கள் மகள் கடிதம் எழுதியதே இல்லை.

இங்கே காமன் கூத்துக்குக் கம்பம் நட்டாயிற்று. இந்த மாசியிலும் ரதியின் பாட்டு எனக்குத்தான். இத்தனை நடந்தபிறகு கூத்து வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். இத்தனை நடந்தபிறகுதான் வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

அக்கா, ஒன்று எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். பிள்ளை அழுவது அதன் பேச்சு. கொஞ்சம் அழட்டுமே. நீங்கள் அறியாததா. தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

தம்பி கணபதி


பூனாகலை
1.3.1984

தம்பி கணபதிக்கு அக்காவின் ஆசீர்வாதம். அங்கே கூத்து நல்லபடியாக நடக்கட்டும். இங்கே எனக்குக் கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

அழட்டும் என்று எழுதியிருந்தாய். கோபம் வரத்தான் செய்தது. கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். ஆனால் அதைவிட நல்ல சேதி ஒன்று இருப்பதால் உன்னை மன்னிக்கிறேன்.

உன் மகள் ஒரு தாலாட்டுக் கட்டியிருக்கிறாள்! ரத்தம் விடுமா? குரலெடுத்து இல்லை, உதட்டளவில்தான் பாடுகிறாள். அதைப் பாடினால் பயல் கப்சிப். கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் அவளே வந்து, "இந்தப் பாட்டயும் எழுதுங்க அத்தை, அப்பா சந்தோசப்படுவாரு" என்றாள். அவளாக வந்து என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:

ஆராரோ ஆரிரரோ ஆளுவரும் நேரமடா
வாசப்படி ஏறுமுன்னே வாய மூடு என்மகனே
கம்பளியப் போத்திக்கிட்டு கால்இழுத்து வருகுதடா
காலடியக் கேக்குமுன்னே கண்ண மூடு என்மகனே

வெளக்கு வச்ச வீடெல்லாம் ஊதிவிட்டுப் போகுமடா
தேயிலைக்குள் ஒளிஞ்சாலும் தேடிவந்து பாக்குமடா
கை நீட்டி வருகுதடா கத்தாதே என்மகனே
மூச்சுக்கும் சத்தமுண்டு மெல்லவிடு என்மகனே

எப்படி? காடையன்கள் வருவதை நேரில் பார்த்ததுபோல் கட்டியிருக்கிறாள். முகம் தெரியாமல் இருக்கக் கம்பளி போர்த்தி வருகிறான்களாம்! கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இதைத்தானே யூலையிலிருந்து நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் தாழ் போட்டுப் படுங்கள்.

இராக்கம்மா


நமுனுகுல
7.3.1984

அக்காவுக்குக் கணபதி. எல்லோரும் நலமா? கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

பாட்டைப் படித்தேன். அங்கம்மாவுக்குப் பாடிக் காட்டத் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே தாளை மடித்து வைத்துவிட்டேன். நன்றாகக் கட்டியிருக்கிறாள்.

உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது? இன்னும் இழுத்துத்தான் நடக்கிறீர்களா?

அக்கா, கூத்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதுப் பாட்டென்றால் அரங்கத்துக்கு வரும்முன் நாலு பேர் நடுவில் பாடிப் பார்ப்போம். பாடுகிறவனுக்குத் தெரியாத பொருளைக் கேட்கிறவன் முகம் சொல்லிவிடும். இந்தப் பாட்டை மலையில் கொழுந்து எடுக்கும்போது பெண்களுக்குப் பாடிக் காட்டுங்கள்.

சித்திரையில் வருகிறேன். கட்டாயம் வரப் பார்க்கிறேன்.

கணபதி


பூனாகலை
4.4.1984

கணபதிக்கு.

நலம் விசாரிக்க மனசில்லை. நீ நன்றாக இரு.

நீ சொன்னபடி பாடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வரிசையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். "எங்க மருமக கட்டின பாட்டு, கேளுங்கடி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, எனக்கு வந்த ராகத்தில் முழுசாகப் பாடினேன்.

கொழுந்து எடுக்கிற கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"என்னடி, பாட்டு நல்லா இல்லியா?" என்றேன்.

கருப்பம்மாதான் பேசினாள். "நல்ல பாட்டுதான் மதினி. எங்களுக்கும் தெரியும். எல்லா காம்பராலயும் அதப் பாடித்தான் புள்ளைகள அடக்குறோம்."

"காடையன் வர்றான்னு சொல்லியா?"

"காடையன் வந்துட்டுப் போயி எவ்வளவு மாசமாச்சு? தெனமும் வர்றவங்களச் சொன்னாத்தானே புள்ளைக அடங்கும்."

யாரோ ஒருத்தி "ஏய், சும்மா இருடி" என்று அவள் கையைக் கிள்ளினாள். கருப்பம்மா கேட்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்: "என் புள்ள அன்னிக்கு ஒங்க கையாலதான் பொழச்சுது. சாமி சத்தியமா அத மறக்க மாட்டேன். ஆனா இன்னிக்கும் ஒங்க காலடி கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுது மதினி. நான் என்ன செய்யட்டும்?"

நான் கத்தினேன். நன்றி கெட்ட நாய்களா என்றேன். உங்களுக்காகத்தானடி காலை ஒடித்துக்கொண்டேன் என்றேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும், தம்பி. தோட்டத்துத் துரை வந்து நின்றால் அப்படித்தான் குனிவோம்.

மழைக்கு எல்லோருமே கம்பளி போர்த்தியிருந்தார்கள். காலை இழுத்து நடக்கிறவள் நான் ஒருத்திதான்.

எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியுமா? ஒரு நாய் குரைத்தால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். யூலையிலிருந்து நான் ஒரு வாய் சோற்றை நிம்மதியாக முழுங்கியதில்லை. பயந்து சாகிறவள் நான். என்னைப் பார்த்தா இவர்கள் பயப்படுகிறார்கள்?

நீ பாட்டுக்காரன். படித்த உடனே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? அதனால்தானே காலை விசாரித்தாய்? அந்தப் பாட்டில் வருவது நானா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுது. தவமணியிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இல்லை என்பாள். என்னிடம் அவள் வேறு எதைச் சொல்வாள்?

உடனே எழுது.

இராக்கம்மா


பூனாகலை
29.4.1984

தம்பி கணபதிக்கு அக்கா எழுதுவது. நீ பதில் எழுதவில்லை. சித்திரை பிறந்தும் வரவில்லை. இந்தக் கடிதத்தை முருகையா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனோடு தவமணியும் பிள்ளையும் வருவார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான். அதை முதலில் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி.

கருப்பம்மா சொன்ன பிறகு நான் சுற்று வருவதை நிறுத்திவிட்டேன். விளக்கு எரிக்கிறவர்கள் எரித்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். என் காலடிதானே பயமுறுத்துகிறது, சத்தமில்லாமல் நடப்போம் என்று பழகினேன். செருப்பில்லாமல், இழுக்கிற காலைத் தூக்கித் தூக்கி வைத்து. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், தம்பி.

முந்தாநாள் மத்தியானம் பெருமழை. கொழுந்தை நிறுத்தி எங்களை நேரத்தோடே அனுப்பிவிட்டார்கள். நான் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தேன். உள்ளே பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது, சளி. தவமணி முதுகு காட்டி உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நின்று பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. "தவமணி" என்று மெல்லத்தான் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அழுத்தி, வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். "அழல அத்தை, அவன் அழவே இல்ல, பாருங்க, சத்தமே இல்ல" என்கிறாள். சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கையை எடுக்கவில்லை. நான் கிட்டப் போகப் போக அழுத்துகிறாள். அவள் கைக்கு அடியில் அந்தப் பிஞ்சு முகம் நீலம் பூத்து வருகிறது.

நான் பாய்ந்து பிடுங்கினேன். பிள்ளை துணிபோல் தொங்கியது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். "அழுடா! லோகு, அழுடா! கத்துடா என் ராசா!" என்று நான் போட்ட கூச்சலில் லயம் முழுதும் மழையில் ஓடிவந்தது. யார் கேட்டால் என்ன, எவன் வந்தால் என்ன! கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து வீறிட்டான். கருப்பம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தவமணி அந்தச் சுவரைவிட்டு நகரவில்லை. நான் தொடப் போனதும் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, கணபதி. மாரியம்மன் மேல் ஆணை, ஒரு அடி அடித்ததில்லை.

நீ பதில் எழுத வேண்டாம். பாட்டில் வருவது யார் என்று எனக்குத் தெரியும். அங்கம்மாவிடம் சொல், முறைப்படி மகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று. கொஞ்சம் பிந்திவிட்டது.

இராக்கம்மா


நமுனுகுல
13.5.1984

என்னை வளர்த்த அக்காவுக்குக் கணபதி எழுதுவது. நீங்கள் தனியாக இருக்கிறீர்களே, சாப்பிடுகிறீர்களா? முருகையா இரண்டு வாரமாக இங்கேயே நின்றுவிட்டான், போகச் சொன்னால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். முதல் சில நாள் அவன் அழத் தொடங்கியதும் தவமணி துண்டைத் தேடுவாள். அங்கம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "இது ஒங்கம்மா வீடு. கத்தட்டும், கூரையா பிச்சிக்கிட்டுப் போயிடும்?" என்பாள். இப்போது பயல் கூரையைத்தான் பிய்க்கிறான். பக்கத்துக் காம்பரா பெரியாயி, "பேரன் அடுத்த வருசம் ரதி பாட்டுக்கு வந்துருவான் போல" என்று கிண்டல் செய்கிறாள்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். பாட்டைப் படித்ததும் எனக்குத் தெரிந்தது, அக்கா. வந்து மகளைக் கூட்டிப் போயிருக்க வேண்டும். பதுளை பஸ் ஸ்டாண்ட் வரை ஒருமுறை வந்தேன். பண்டாரவளை பஸ் வந்தது, ஏறவில்லை. கலவரத்துக்குப் பயந்து இல்லை. வாசலில் நீங்கள் நின்று "என்னடா" என்று கேட்பீர்களே, அதற்குப் பயந்துதான். பேரன் எடுத்துவிட்ட நான், உங்கள் முன்னால் இன்னும் பிள்ளைதான்.

முடிந்தபோது வாருங்கள். அங்கம்மாவும் சொல்லச் சொன்னாள்.

கணபதி


பூனாகலை
24.6.1984

தம்பிக்கும் அங்கம்மாவுக்கும் அக்கா எழுதுவது. உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பி ஊர் சேர்ந்தேன். பஸ்ஸில் யாரும் என்னை நிறுத்தவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடாமல் புறப்பட்டதற்கு அங்கம்மா மனசில் ஒன்றும் வைக்க வேண்டாம். குழம்பு மணத்தது. காரணம் குழம்பு இல்லை.

அங்கே ரோட்டில் இறங்கியபோதே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. யார் சொல்ல வேண்டும், நம்ம வீட்டுத் தொண்டை! என் வாழ்க்கையில் ஒரு அழுகையைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கால் வலியை மறந்து மேடு ஏறினேன். "தவமணி, அத்தை வந்திருக்கேன்டி" என்று தூரத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டுதான் வந்தேன். சத்தமில்லாமல் வருவதை விட்டுவிட்டேன்.

அவள் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் இடுப்பில் அவன் கண்ணீரும் மூக்குமாக, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டான், தம்பி.

நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். அங்கம்மா "பாட்டிய அடையாளம் தெரியுது பாருங்க" என்று சிரித்தாள். அழுகை முடியாமல் நெஞ்சு மட்டும் விம்முகிறது, உதடு இரண்டும் ஒட்டியிருக்கிறது. பல் முளைக்காத பிள்ளை. நான் அங்கே இருந்த நேரம் முழுதும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அவனைத் தூக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை.

காடையனுக்குப் பயந்தேன், இருட்டுக்குப் பயந்தேன். இப்போது எட்டு மாதப் பிள்ளையின் மூடின வாய்க்குப் பயப்படுகிறேன். இனி நான் வரவில்லை. அவன் கத்திக்கொண்டு இருக்கட்டும்.

முருகையாவை அங்கேயே வேலை பார்க்கச் சொல்லு. நான் ஒருத்திதானே, சமாளித்துக்கொள்வேன்.

இராக்கம்மா


நமுனுகுல
2.7.1984

அன்புள்ள அத்தைக்குத் தவமணி எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்க ஆள் இருக்கிறதா? கருப்பம்மா அக்காவின் மகள் எப்படி இருக்கிறாள்? கோழி அடை வைத்தீர்களா? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அப்பாவுக்கு நீங்கள் எழுதியதைப் படித்தேன். அப்பா தரவில்லை, நானே எடுத்துப் படித்தேன்.

நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டில் வருவது நீங்கள்தான். உங்கள் கையாலேயே அப்பாவுக்கு எழுத வைத்ததும் வேண்டுமென்றேதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போதும் உங்கள் குரல் கேட்டால் எனக்கு உள்ளே நடுங்குகிறது. அது எப்போது போகும் என்று தெரியவில்லை, அத்தை.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்று தவறு. அன்றைக்கு நீங்கள் மேடு ஏறிவந்தபோது அவன் முதலில் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் குரல் கேட்டதும் என் கை அவனை இறுக்கிப் பிடித்தது. அவன் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் உங்களைப் பார்த்தான், வாயை மூடினான். நீங்கள் போனபிறகு அவன் இடுப்பில் என் விரல் பதிந்திருந்ததை அம்மாவுக்குத் தெரியாமல் தடவிவிட்டேன்.

கலவரத்தில் வந்தவர்களுக்கு நீங்கள் பயந்தீர்கள். உங்களுக்கு நான் பயந்தேன். இப்போது என் கையிலிருந்து அவன் கற்றுக்கொள்கிறான். அந்தப் பாட்டை நேற்று மனசுக்குள் பாடிப் பார்த்தேன். 'கை நீட்டி வருகுதடா' என்று நான் கட்டியது உங்கள் கையை. பாடும்போது என் கைதான் தெரிந்தது. அன்றைக்கு அவன் முகத்தை அழுத்தியதும் அந்தக் கைதானே? பிடுங்கிக் காப்பாற்றியது நீங்கள். இதை நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வராமல் இருக்காதீர்கள். நீங்கள் வராவிட்டால் நான் பயந்தபடியே இருந்துவிடுவேன், அவனும் அப்படியே வளர்ந்துவிடுவான். இந்த மாதம் முடிவதற்குள் வாருங்கள். வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டே வாருங்கள். வந்ததும் அவனை உங்கள் மடியில் போட்டுவிட்டு, நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்விடுவேன். என் முகத்துப் பயம் அவனுக்குத் தெரியக் கூடாது. அழுதால் அழட்டும். நீங்கள் பயப்படக் கூடாது, அத்தை.

உங்கள் மருமகள்
தவமணி